ஏறி வருவோர்க்கு வழிவிடுக

பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சம் நெடுந்தொலைவையே நினைக்கிறது. 1325ஆம் ஆண்டில் மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலமும் கடலும் அளந்தார். நம் மதுரையையும் கண்டு சென்றார். இதனை வகுப்பறையில் சொல்லும்போது மாணவர்தம் விழிகள் விரிவதைக் கண்டிருக்கிறோம். ஈண்டு நாம் எழுதப் புகுந்தது அத்தகைய பயணத்தைப் பற்றியன்று. சேர்வராயன் மலையில் உள்ள செம்மநத்தத்திலிருந்து சேலம் மாநகருக்கு நம் தந்தையாருடன் சென்று மறுநாளே திரும்பிய சிறு பயணத்தைப் பற்றியது.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு வரும் தொலைவைச் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை பெறுவதற்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவேனும் வேண்டும் என்பர் மார்க்க அறிஞர் பலர். அக்கணக்கின்படி 'பயணி' என்று பெயர் சூட்டிக்கொள்ளவும் நமக்குத் தகுதியில்லை. எனினும் நம் வாழ்நாளில் மேற்கொண்ட பயணங்களுள் மிக நீண்டது எது என்று எவரேனும் வினவினால் இதனையே சொல்வோம்.

செம்மநத்தம் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மலையூர். மலையாளிகள் என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணுதல் வேண்டா. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடியும், அம்மரங்களையே பற்றிப் படரும் மிளகுக் கொடியும், ஊடே பலாவும் ஆரஞ்சுமாக விளங்கும் நிலம் அது. இம்மலைக்குக் காப்பி வந்தது 1820களில்; அந்நாளில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் அதனைக் கொணர்ந்தார். இந்திய மண்ணுக்கே முதன்முதல் காப்பியைக் கொணர்ந்தவரோ, ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றிய பாபா பூதன் என்னும் ஸூஃபிப் பெரியார் என்பது வழிவழிச் செய்தி. "ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டு வந்த விதை தம்பி, இது" என்று காப்பிக் கொட்டையைக் கையில் அள்ளும்போதெல்லாம் நம் அத்தா சொல்வார்.

அத்தா அவ்வூரில் மளிகைக்கடை நடத்தினார். அரிசியும் பருப்பும் உப்பும் விற்பார். மலைமக்கள் கொண்டுவரும் மிளகையும் கடுக்காயையும் வாங்குவார். காப்பிக் கொட்டையை அந்நாளில் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே ஒப்படைத்தல் வேண்டும். 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த அக்கட்டுப்பாடு 1996இல் முழுமையும் நீங்கிய பின்னர்க் காப்பியும் வாங்கலானார். கடையின் நடுவே ஒரு தராசு தொங்கும். தட்டின்மேல் ஈ அமர்ந்தால் அதனை ஓட்டிவிட்டுத்தான் நிறுப்பார். எழுத்தறியும் முன்னரே நாம் அக்கடையில் கற்ற பாடம் ஒன்று உண்டு. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டித்தே திருமறையின் ஓர் அத்தியாயம் தொடங்குகிறது என்பதுதான் அது. ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்திடம் அதனைக் கேட்பதற்கு முன்பே தராசின் முன்னே நின்று கேட்டுவிட்டோம்.

2016ஆம் ஆண்டு வாக்கில் அத்தாவின் இரு கண்களிலும் புரை படரத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 77. நாமோ ஆசிரியப் பணியின் பொருட்டுச் சமவெளியில் குடியேறி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தங்கையின் குடும்பம் அவருடன் இருந்தது. அறுவை செய்துகொள்ளுமாறு விடுமுறைதோறும் வற்புறுத்தினோம். "காப்பி எடுப்பு முடியட்டும்" என்பார். காப்பி எடுப்பு முடிந்தால் மிளகு எடுப்பு. மிளகு முடிந்தால் மழை. மழை முடிந்தால் நோன்பு. இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு அவரே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, லீவு போட்டுட்டு வா. சேலம் போகணும்" என்றார். காரணத்தைத் தங்கை பின்னர்ச் சொன்னாள். அன்று காலை ஒரு மூதாட்டி மிளகு கொண்டுவந்தார். அத்தா நிறுத்துப் பணம் கொடுத்தார். மாலையில் பேரன் கணக்கைச் சரிபார்த்தபோது எடைக்கல் மாறிப்போனது தெரியவந்தது. மங்கிய பார்வையில் இரண்டு கிலோக் கல்லை ஒரு கிலோக் கல் என்று எண்ணித் தட்டில் வைத்துவிட்டார். விளக்கைக் கையில் கொடுத்துப் பேரனை அழைத்துக்கொண்டு அந்த இருட்டிலேயே அம்மூதாட்டியின் வீடு தேடிச் சென்று மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தாராம். வந்ததும் உணவு கொள்ளவில்லை. "இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் குறைச்சேனோ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாராம். பார்வை போய்விடும் என்று அவர் அஞ்சவில்லை. நிறுவை போய்விடும் என்றே அஞ்சினார்.

காலை ஒன்பது மணிக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பஜ்ரு தொழுதவுடன் புறப்படுவோம் என்றோம். அத்தாவோ, கடைச் சாவியைத் தங்கையின் கணவரிடம் கொடுத்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வாய்மொழியாகச் சொல்லி, வாசலில் காத்திருந்த இரண்டு பேருக்குப் பண்டம் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். வழியில் ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் நிறுத்தச் சொன்னார். அங்கு ஒருவருக்குச் சேரவேண்டிய மிளகுப் பொட்டலம் ஒன்று மடியில் இருந்தது. அந்த மனிதர் வரும்வரை அரைமணி நேரம். ஏரியின்மேல் பனி கலைந்துகொண்டிருந்தது. நாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 300 மீட்டருக்கும் தாழ்ந்த நகருக்கு அவ்வழியே இறங்க வேண்டும். மேலே காப்பியும் குளிரும். இடையே மூங்கிலும் குரங்குக் கூட்டமும். கீழே வறண்ட புதரும் வெயிலும். காது அடைத்துத் திறக்கும். முதல் வளைவில் கார் திரும்பியதும் அத்தா, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். இரண்டாம் வளைவிலும் அவ்வாறே. மேட்டில் ஏறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்தம் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. மலையிலேயே வாழ்ந்தவராதலின் அத்தா அதனைத் தம் வழிக்கணக்காகவே ஆக்கிக்கொண்டார். இறங்கும்போது இருபது தஸ்பீஹ். ஏறும்போது இருபது தக்பீர். கண் மங்கிய பிறகும் கணக்குத் தவறவில்லை. உடல் சாயும் பக்கத்தைக் கொண்டும், ஓடைச் சத்தத்தைக் கொண்டும், எஞ்சின் ஓசையைக் கொண்டும் எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுவார்.

ஆறு வளைவுகள் கடந்தோம். ஏழாம் வளைவை நெருங்கும்போது அவர், "நிறுத்து தம்பி, லாரி ஏறுது. ஏறி வர்றவனுக்கு வழி விடு" என்றார். நமக்கு லாரி எதுவும் தென்படவில்லை. வளைவு வெறுமையாயிருந்தது. மணி எட்டைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் அச்சொல் நம் வாயிலிருந்து வந்தது.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியலையே அத்தா. பேசாம வாங்க."

சொல்லிவிட்டு வளைவில் நுழைந்தோம். நுழைந்தவுடன் எதிரே சுமையேற்றிய லாரி. முதல் கியரில் முனகியபடி வளைவின் பாதிவரை ஏறிவிட்ட அவ்வண்டி நம்மால் நின்றது. நின்றதும் ஒரு சாண் பின்னோக்கி நகர்ந்தது. கிளீனர்ப் பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தான். நாம் பதறிப் பின்னுக்கு எடுத்தோம். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை பார்த்தார், அவ்வளவே. மலைப்பாதையில் சுமையோடு நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எத்துணைக் கடினம் என்பதை அவ்வண்டியின் புகையும் உறுமலும் நமக்குச் சொல்லின.

குறுகிய மலைச்சாலையில் இறங்கி வரும் வண்டி ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது வெறும் வழக்கமன்று; சட்டம். 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும், அவற்றின் இடத்தில் 2017இல் வந்த புதிய விதிகளிலும் அது எழுதப்பட்டுள்ளது. ஓட்டுநர் உரிமம் பெறும்போது நாம் அதனைப் படித்துத் தேறியிருக்கிறோம். வண்டி ஓட்டியே அறியாத அத்தாவோ, பேருந்தின் முன்னிருக்கையிலும் மளிகைச் சரக்கு ஏற்றிய லாரிகளிலும் அமர்ந்து வந்த ஐம்பது ஆண்டுகளில் அதனைக் கற்றிருந்தார்.

எட்டாம் வளைவில் அவருடைய தஸ்பீஹ் கேட்கவில்லை. ஒன்பதிலும் கேட்கவில்லை. உதடுகள் அசைந்திருக்கலாம், ஓசை வரவில்லை. பதின்மூன்று வளைவுகளை அந்த அமைதியோடு இறங்கினோம். பெற்றோரிடம் சலிப்பின் சிறு முனகலையும் காட்டலாகாது என்னும் இறைக்கட்டளையை மாணவர் மன்றங்களில் எத்தனையோ முறை விரித்துரைத்தவர் நாம். சொற்பொருள் சொன்னோம், இலக்கண நயமும் சொன்னோம். அன்று அவ்வளவும் அறிவாகவே நின்றுவிட்டது. வாய்க்கும் நாவுக்கும் வந்து சேரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் எண்ணினோம். அடுத்த வளைவில் கேட்போம் என்று ஒவ்வொரு வளைவிலும் தள்ளினோம். அடிவாரம் வந்துவிட்டது.

கோரிமேட்டுப் பக்கமாக நகரை நெருங்குகையில் அத்தாவே வாய் திறந்தார். "தம்பி, இருபத்தோராம் வளைவு வந்திருச்சா?"

நமக்கு விளங்கவில்லை. பிறகுதான் ஏற்காடு சாலையோரம் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைச் சொல்கிறார் என்று அறிந்தோம். டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய அப்படப்பிடிப்பு நிலையம் இன்றில்லை. முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. வண்ணத்தில் வெளிவந்த முதல் முழுநீளத் தமிழ்ப்படம் என்று போற்றப்பெறும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கு உருவானதே. பதினேழு வயதில் மிளகு மூட்டையின்மேல் அமர்ந்து லாரியில் இறங்கி வந்து, தம் தந்தையார்க்குத் தெரியாமல் அப்படத்தைப் பார்த்த கதையை அத்தா அன்றுதான் நம்மிடம் சொன்னார். "நிறம்னா அப்படி ஒரு நிறம். மலைக்குத் திரும்பிப் போனா எங்க அத்தா கேட்கறாரு, சரக்கு இறக்க இவ்வளவு நேரமான்னு. பொய் சொல்லிட்டேன் தம்பி. அப்புறம் அவர் மௌத்தாகிற வரைக்கும் அதைச் சொல்லவேயில்லை." சற்று நேரம் கழித்து, "சொல்லியிருக்கணும்" என்றார்.

நாம் சொல்ல வேண்டியதைச் சொல்ல அதனினும் நல்ல வாயில் எப்போது திறக்கும்? ஆனால் சந்திப்பில் சிவப்பு விளக்கு மாறிவிட்டது; பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின; மருத்துவமனைக்கு வழி விசாரிக்க வேண்டியிருந்தது. காரணங்களுக்கு என்றும் குறைவில்லை.

முதலில் ஒரு கண்ணுக்கு அறுவை என்று மருத்துவர் முடிவு செய்தார். கண்ணில் இயல்பாக உள்ள வில்லை முதுமையில் மங்கிப் பழுப்பேறுவதே புரை. அதனை நுண்ணிய துளை வழியே கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, செயற்கை வில்லையைப் பொருத்துவர். சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, விழித்திருக்கும்போதே சிறிது நேரத்தில் முடித்துவிடும் சிகிச்சை. காத்திருக்கும் கூடத்தில் அமர்ந்து, இதன் பின்னே நிற்கும் மனிதர்களை எண்ணிக்கொண்டோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் ஆட்சியில், எகிப்தில் வாழ்ந்தார் மோஸுல் நகரத்து அம்மார் என்னும் கண் மருத்துவர். உள்ளீடற்ற ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தவர் அவர். அதே காலத்தில் அதே கெய்ரோவில்தான், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காண்கிறோம் என்று நிறுவிய இப்னுல் ஹைதம் வாழ்ந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய அக்ரிலிக் துண்டுகள் கண்ணுக்குத் தீங்கு செய்யாததைக் கண்டு, அத்தகைய பொருளாலேயே வில்லை செய்து 1949இல் இலண்டனில் பொருத்தினார் ஹரால்டு ரிட்லி. மோஸுல்காரரும் இலண்டன்காரரும் கைகொடுக்க, செம்மநத்தத்துக் கடைக்காரர் ஒருவர் பார்வை பெறுகிறார். அறிவுக்குத்தான் எத்துணை நீண்ட பயணம்!

இவற்றையெல்லாம் அறிந்து வைத்திருந்த நமக்கு, அறுவைக்கூடத்துள் போகுமுன் அவருடைய கையைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. பச்சை அங்கி அணிவித்து அழைத்துச் சென்றனர். கதவருகே திரும்பி, நாம் நிற்கும் திசையை ஒருவாறு கணித்து, "நீ ஏதாவது சாப்பிடு தம்பி. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார்.

அறுவை இனிதே முடிந்தது. கண்ணுக்குக் கட்டிட்டு, மறுநாள் காலை வருமாறு பணித்தனர். உறவினர் வீட்டில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, மஃரிபுக்குக் கோட்டைப் பகுதியில் உள்ள ஜாமிஆ மஸ்ஜிதுக்குச் சென்றோம். திருமணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழம்பள்ளி அது. திப்பு சுல்தான் அங்குத் தொழுதார் என்பது நகர மக்கள் வழங்கும் செய்தி. திருமணிமுத்தாறு நம் சேர்வராயன் மலையில் பிறப்பது. அங்கே கல்லிடுக்கில் கண்ணாடிபோல் ஓடும் நீர், நகருக்குள் வரும்போது சாக்கடையின் கருமையைச் சுமந்து செல்கிறது. பாலத்தின்மீது நின்று அதனைப் பார்த்தோம். நம்மை நாமே பார்த்ததுபோல் இருந்தது. மலையில் ஒரு தராசின் கீழே வளர்ந்த பிள்ளை, கீழே இறங்கிப் பட்டங்கள் பெற்று, பேச்சில் எதையெதையோ கலந்துகொண்டது.

தொழுகையில் நின்றபோது எண்ணம் தராசையே சுற்றியது. எடைக்கல் மாறியது அறியாமல் நேர்ந்த பிழை; அதற்காக ஒரு முதியவர் இருட்டில் மலைப்பாதை நடந்தார். நாம் செய்ததோ அறிந்து செய்த குறை நிறுவை. ஐம்பது ஆண்டு அன்பை ஒரு தட்டிலும், அரைமணித் தாமதத்தை மறு தட்டிலும் வைத்து, தாமதமே கனமென்று தீர்ப்புக் கூறினோம். மறுமையின் மீஸானில் மிளகு மட்டுமா நிறுக்கப்படும்? சொல்லும் நிறுக்கப்படும் அன்றோ?

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தனர். அத்தா சிலமுறை இமைத்தார். முதலில் சன்னலைப் பார்த்தார். "வானம் இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?" என்றார். பழுப்பேறிய வில்லை நீல நிறத்தையே மிகுதியாக மறைத்துவிடும் என்றும், அதனால் அறுவைக்குப் பின் பலர்க்கும் நீலமே முதலில் வியப்பூட்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். பிறகு நம் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். கையை நீட்டி நம் காதோரத்தைத் தொட்டார்.

"உனக்கும் நரைச்சிருச்சே தம்பி" என்றார். "எப்போ?"

பதில் சொல்ல இயலவில்லை. ஈராண்டுகளாகத் தம் மகனின் முகத்தை அவர் சரிவரக் கண்டதில்லை. அத்தனை விடுமுறைகளிலும் எதிரே அமர்ந்து, அறுவை செய்துகொள்ளுங்கள் என்று வாதிட்ட நமக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடி அணிந்து, உச்சிவேளைக்குப் பின் மலைக்குத் திரும்பினோம். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடக்கும்போது தலையைத் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு சின்னதா? நான் என்னவோ கோட்டை வாசல்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சிரித்தார். அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதும் முதல் வளைவு. "அல்லாஹு அக்பர்" என்றார். தெளிவாகக் கேட்டது. நமக்கு உயிர் வந்தது.

ஏழெட்டு வளைவுகள் ஏறிய பின், மேலிருந்து இறங்கிய கார் ஒன்று நம்மைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. ஓட்டி வந்தவர் இளைஞர். அருகில் வயதான அம்மையார் ஒருவர். நாம் கடந்து செல்லும்வரை அவ்விளைஞர் பொறுமையாயிருந்தார். அதற்குமேல் நம்மால் தாங்க முடியவில்லை. அடுத்த வளைவிலேயே காரை நிறுத்திவிட்டோம். "அத்தா, நேற்று நான் சொன்ன சொல்லை மன்னிச்சிருங்க" என்றோம். குரல் உடைந்தது.

அவர் உடனே, "வளைவுலே வண்டியை நிறுத்தாதே. பின்னாலே பஸ் ஏறி வருது, எடு எடு" என்றார்.

எடுத்தோம். பின்னால் மெய்யாகவே பேருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு வளைவுகள் தாண்டி, இரண்டு தக்பீர் சொல்லிய பின் அவர் பேசினார்.

"நேத்து நான் பேசாம வந்ததைக் கோபம்னு நினைச்சிட்டியா? இறங்குறவனுக்கு என்ன தம்பி, வண்டி தானா உருளும். ஏறுறவனுக்குத்தான் பாரம். நின்னுட்டா மறுபடி கிளம்புறது கஷ்டம். உனக்கு வேலை இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு, லீவு கிடைக்கலை, என் கண்ணு கவலை வேற. நீ ஏறிட்டிருக்கிறவன். நான் இறங்கிட்டிருக்கிறவன். யாரு வழி விடணும்? அதான் பேசாம இருந்தேன்."

சற்று நேரம் அமைதி. பிறகு, "ஆனா அந்த லாரிக்காரன்கிட்டே மன்னிப்புக் கேட்கலையே நீ" என்றார்.

மாணவச் செல்வங்களே! வார இறுதியில் வீடு செல்லும் உங்களுள் பலர், பெற்றோரை மருத்துவமனைக்கோ வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ அழைத்துச் செல்லும் பருவத்தை எய்தியவர்கள். வண்டி உங்கள் கையில் இருக்கும். கைப்பேசியில் வழி இருக்கும். நேரமில்லை என்ற எண்ணமும் இருக்கும். அருகில் அமர்ந்திருப்பவர் மெதுவாகப் பேசுவார், சொன்னதையே சொல்வார், நிறுத்தத் தேவையில்லாத இடத்தில் நிறுத்தச் சொல்வார். அவர் உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றே வாழ்நாளைக் கழித்தவர் என்பதை அப்போது நினைவுகூர்க. சொல்ல வேண்டிய மன்னிப்பை அடுத்த வளைவுக்குத் தள்ளற்க. வளைவுகள் இருபதுதான்.

அத்தாவுக்கு மற்றொரு கண்ணிலும் அவ்வாண்டே அறுவை நடந்தது. அதன் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தம் கண்ணாலேயே எடைக்கல் பார்த்து நிறுத்தார். 2022இல் வல்ல இறைவனின் நாட்டப்படி வஃபாத்தானார். செம்மநத்தத்துக் கடை இன்று தங்கை மகனின் பொறுப்பில் இருக்கிறது. மின்னணு எடைப்பொறி வந்துவிட்டது. பழைய தராசு சுவரில் தொங்குகிறது. ஆண்டுக்கு இருமுறையேனும் மலையேறி அவரது கப்ரைக் கண்டு ஸலாம் சொல்லித் திரும்புகிறோம். இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் ஸுப்ஹானல்லாஹ் சொல்கிறோம். ஏழாம் வளைவு வருமுன், ஏதும் தென்படாவிடினும், ஓரமாக ஒதுங்கிச் சிறிது நிற்கிறோம். பல வேளைகளில் எதுவும் வருவதில்லை. சில வேளைகளில் சுமையோடு ஒரு லாரி முனகியபடி ஏறி வரும். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.